ரிப்போர்ட் நார்மல்தானே, மாத்திரை எதற்கு?

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்த பிறகு அண்ணன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 64 என்று வந்தது. "எல்லாம் நார்மல் ஆகிவிட்டதே, இனி இந்தக் கொழுப்பு மாத்திரை எதற்கம்மா?" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த 64 வந்ததே மாத்திரையால்தான்.

அண்ணன் எடுக்கும் ஸ்டாட்டின் வகை மருந்து, கொலஸ்ட்ரால் உற்பத்திக்குத் தேவையான ஒரு நொதியைக் கல்லீரலில் தடுக்கிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் செல்கள் தம் மேற்பரப்பில் ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்-ஐ இழுத்துக்கொள்கின்றன. மாத்திரையை விட்டால் சில வாரங்களிலேயே பழைய அளவு திரும்பிவிடும். ஸ்டென்ட் விரித்து வைத்தது ஓர் அடைப்பை மட்டும்தான். மற்ற குழாய்களின் சுவரில் படிந்த கொழுப்பு அப்படியே இருக்கிறது.

1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வைத்தான் அண்ணனிடம் சொன்னேன். ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேரும் மருந்து எடுத்தவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். அந்த 74 உயிர்களின் வித்தியாசத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்போதுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. கெண்டைக்கால் வலிக்கிறதாம். மாத்திரையால் தசை வலி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு வருவது உண்மை. ஆனால் பக்கவிளைவுகளுக்காக ஸ்டாட்டினைக் கைவிட்டிருந்த 60 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், மருந்து மாதங்களில் அவர்கள் உணர்ந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அதற்காக வலி பொய் என்று ஆகிவிடாது. வலித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. கடும் தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதினார். அளவு சரியாகவே இருந்தது. இருந்தாலும் அண்ணனின் வலியைத் தட்டிக்கழிக்காமல், அவர் எடுக்கும் ஸ்டாட்டினான அடோர்வாஸ்டாட்டின் டோஸைக் குறைத்து, எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். இரவில் அடிக்கடி மறந்துவிடுகிறது என்று அண்ணன் தயங்கியபடி சொன்னதற்கும் வழி இருந்தது: அடோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் எடுக்கலாம். இப்போது காலையில் இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறார்.