ஹோர்டோபாஜ் புல்வெளியில் குதிரைகளும் ஒரு டாக்சிக்காரரும்

ஹங்கேரியின் ஹோர்டோபாஜ் புல்வெளிக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் திரும்பும் வழியில் ஒரு டாக்சிக்காரர் செய்த வேலையில் மூண்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குதிரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் மனம் வராது. ஆகவே வரிசை முன்பின்னாகத்தான் இருக்கும்.

போகும் வழி எளிது. தலைநகர் பூடாபெஸ்டிலிருந்து நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான டெப்ரெட்செனுக்கு ரயிலில் போய், அங்கிருந்து கிளைப் பாதையில் ஓடும் சிறிய ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஹோர்டோபாஜ் நிலையத்தில் இறங்கிவிடலாம். கிராமம் சின்னது, தங்கும் இடங்களும் குறைவு என்பதால், கையைக் கடிக்காத வாடகைக்கு அறை கிடைத்த டெப்ரெட்செனிலேயே நான் தங்கினேன்.

1973இல் ஹங்கேரியின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்ற இந்த நிலம் எண்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கிறது. ஹங்கேரியர்கள் இதைப் புஸ்தா என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் திஸா ஆற்றுக்குக் கரை எழுப்பி வெள்ளத்தைத் தடுத்ததால்தான் இந்த வெளி உருவானது என்று பலரும் சொல்வதுண்டு. ஆற்றைக் கட்டியதில் நிலம் மேலும் வறண்டது உண்மைதான் என்றாலும், உப்புப் பூத்த இந்தக் களர் நிலம் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தையது. உழவுக்கு ஒத்துவராத மண் என்பதால்தான் மேய்ச்சல் இங்கே இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. இடையிடையே நிற்கும் கிணறுகள் அச்சு அசல் நம் ஊர்த் துலாக்கிணறுகளேதான். கவைக்கால், துலாமரம், மறுமுனையில் பாரம் என்று எதிலும் வித்தியாசமில்லை.

கிராமத்திலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள மாத்தா குதிரைப் பண்ணையில் நோனியஸ் இனக் குதிரைகளை வளர்க்கிறார்கள். 1810இல் பிரான்ஸின் நார்மண்டியில் பிறந்து, நெப்போலியன் போர்களின்போது கைப்பற்றப்பட்டு ஹங்கேரிக்கு வந்த நோனியஸ் என்ற ஒரே பொலிகுதிரையின் வழிவந்த இனம் இது. பெரும்பாலும் கருமையோ கரும்பழுப்போ நிறமாக, அகன்ற மார்பும் கனத்த எலும்புமாக இருக்கும் இவை வண்டிக்கும் சவாரிக்கும் ஒருசேரப் பயன்படுபவை. பார்வையாளர்களை நீளமான குதிரை வண்டியில் ஏற்றிப் புல்வெளிக்குள் அழைத்துச் செல்கிறார்கள். கட்டணம் அதிகம்தான், சீட்டு வாங்கும்போது மனசுக்குள் ரூபாய்க் கணக்குப் போடாமலிருப்பது உத்தமம்.

சிகோஷ் எனப்படும் குதிரை மேய்ப்பர்கள், பாவாடைபோல விரிந்த நீலக் காற்சட்டையும் இறகு செருகிய கறுப்புத் தொப்பியுமாக வருகிறார்கள். அதிகமாகக் கைதட்டல் வாங்கியது ஐந்து குதிரை ஓட்டம். முன்னே மூன்று, பின்னே இரண்டு எனக் குதிரைகள் பாய, பின்னிரண்டின் பிட்டங்களின் மேல் காலுக்கு ஒன்றாக ஊன்றி நின்றபடி ஒருவர் கடிவாள வார்கள் அத்தனையையும் பிடித்துக்கொண்டு வருகிறார். அவர் எங்களைக் கடந்து போனபோது தரை அதிர்ந்தது வண்டியின் பலகை வழியாகக் கால்களில் ஏறியது. ஆனால் இதைத் தொல்மரபு என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பவேண்டாம். லுட்விக் கோக் என்ற ஆஸ்திரிய ஓவியர் கற்பனையாகத் தீட்டிய காட்சி அது. அதை மெய்யாக்கிக் காட்டவேண்டும் என்று ஹங்கேரியக் குதிரைக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் முனைந்தார்கள்.

யாரும் அவ்வளவாகக் கைதட்டாத ஒன்றுதான் என்னை அசத்தியது. சிகோஷின் சேணத்தில் வயிற்றுவார் கிடையாது. கம்பளியும் தோலுமாகச் செய்த ஒரு விரிப்பைக் குதிரையின் முதுகில் போட்டு, அதிலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் வைத்து ஏறிவிடுகிறார்கள். மந்தை மிரண்டு கலைந்து ஓடும் நேரத்தில் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதே காரணம். உடம்பை ஒரு பக்கம் சற்று அதிகமாகச் சாய்த்தாலும் சேணத்தோடு தரைக்கு வரவேண்டியதுதான். அடுத்து, ஒரே ஒரு சொல்லுக்குக் குதிரை மடங்கிப் படுத்தது. அதன் விலாவின்மேல் அவர் ஏறி நின்று தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கியபோது, எங்கள் வண்டியில் பாதிப்பேர் திடுக்கிட்டோம், படுத்திருந்த குதிரையோ காதைக்கூட அசைக்கவில்லை. ஒதுங்க ஒரு மரமும் இல்லாத வெட்டவெளியில் பகைவர் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளவும், வாடைக்காற்றுக்குத் தடுப்பாக வைத்துக்கொள்ளவும் பழக்கிய வித்தை என்கிறார்கள். வேலைக்காக உண்டான திறமைக்கும் வேடிக்கைக்காக உண்டான திறமைக்கும் உள்ள தூரம் அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிட்டது.

சாம்பல் நிற மாடுகளையும் காட்டினார்கள். கொம்பின் வீச்சைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, கன்றுகளோ பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து பிறகுதான் நிறம் மாறுகின்றன. கிடாவுக்கும் பெட்டைக்கும் ஒருங்கே திருகு கொம்புள்ள ராட்ஸ்கா ஆடுகள், சேற்றில் கிடந்த எருமைகள் எல்லாம் உண்டு. வண்டி ஒவ்வோரிடத்திலும் நின்ற நேரம் போதவில்லை.

கிராமத்தின் நடுவே 1827இல் தொடங்கி 1833இல் கட்டி முடித்த ஒன்பது கண் கல்பாலம் 167 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. காசில்லாமல் பார்க்கலாம், நடக்கலாம். பக்கத்திலுள்ள பழைய சத்திரம் இப்போது உணவகம். ஊர்ப் பெயரைத் தாங்கிய இறைச்சி அடைத்த பான்கேக்கைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மிளகாய்ப் பொடியும் புளித்த பாலாடையும் கலந்த குழம்பு மேலே. சுவைக்குக் குறைவில்லை, விலைக்கும் குறைவில்லை, ஆனால் மேய்ப்பர்களின் சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. அவர்கள் சமைத்தது ஷ்லம்புட்ஸ். திறந்தவெளியில் ஒருவர் சமைப்பதைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். தொங்கும் இரும்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயமும் நொறுக்கிய பாஸ்தாவும் போட்டுச் சிவக்க வறுத்து, மிளகாய்ப் பொடி தூவி, உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்க்கிறார். தண்ணீர் வற்றியதும் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கொப்பரையையே பிடித்துச் சுழற்றிச் சுழற்றி உள்ளே இருப்பதைப் புரட்டுகிறார். எல்லாம் ஒரே உருண்டையாகி விளிம்பில் பொன்னிறமாக அடிப்பிடிக்கிறது. அந்தக் காந்தல் துண்டுக்காகவே இன்னொரு தட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகப் பலன் கிடைத்தது அதில்தான். சைவர்களுக்குப் பூண்டும் பாலாடைக்கட்டியும் பரப்பிய லாங்கோஷ் என்ற எண்ணெயில் பொரித்த ரொட்டி இருக்கிறது, பட்டினி கிடக்கவேண்டியதில்லை.

வண்டியில் வந்த வழிகாட்டி வாயே திறக்காத ஒரு செய்தியும் இந்த வெளிக்கு உண்டு. 1950க்கும் 1953க்கும் இடையே கம்யூனிஸ்ட் அரசு, நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்திய மக்களை எல்லையோர ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பிடித்து வந்து, இங்குள்ள ஆட்டுக்கொட்டில்களில் அடைத்து அரசுப் பண்ணைகளில் கட்டாய வேலை வாங்கியது. தொப்பியின் இறகைப் பற்றி அத்தனை நேரம் பேசியவர் இதற்கும் சில நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

நான் போனது அக்டோபரில், பெருங்கொக்குகள் வடக்கேயிருந்து வந்து இறங்கும் பருவத்தில். பகலெல்லாம் அறுவடை முடிந்த சோளக் காடுகளில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது மீன்குளங்களின் ஆழமில்லாத நீரில் வந்து அடைகின்றன. பருவத்தின் உச்சத்தில் ஒரு லட்சத்தையும் தாண்டுமாம். குளக்கரையில் நடக்கத் தேசியப் பூங்காவிடம் தனியாகச் சீட்டு வாங்கவேண்டும். அதற்கு நான் முணுமுணுக்கவில்லை. அடுக்கடுக்காக வந்த கூட்டங்களின் எக்காளக் குரலில் பக்கத்தில் நின்றவர் பேசியதுகூடக் கேட்கவில்லை.

ஆனால் கொக்குகள் இருட்டும்வரை வந்துகொண்டிருக்கின்றன, ரயிலோ எப்போதாவதுதான் வருகிறது. குளிரில் காத்துக்கிடக்க முடியாமல் ஒரு டாக்சியை அழைத்தேன். கட்டணத்தை அந்த ஓட்டுநர் தன் கைபேசியில் தட்டிக் காட்டினார், நான் தலையாட்டினேன். டெப்ரெட்செனில் இறங்கியதும் அதைப்போல் இருமடங்கு கேட்டார். வெறும் வண்டியாக வந்ததற்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டுமாம். அட்டை வாங்கமாட்டேன் என்றார், ஃபோரின்ட் போதாதென்று யூரோவை நீட்டியபோது அவரே ஒரு மாற்று விலையைச் சொல்லி அதிலும் கொஞ்சம் தேற்றிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, அதுவரை தாராளமாகப் புழங்கிய ஆங்கிலம் அவருக்குச் சட்டென்று மறந்துவிட்டது. கோடையில் குதிரைகளுக்காக மட்டும் போகிறவர்கள் டெப்ரெட்செனில் தங்கிப் பகல் ரயிலில் போய்வரலாம். அக்டோபரில் கொக்குகளையும் பார்ப்பதென்றால் கிராமத்திலேயே அறை எடுத்துவிடுங்கள். அந்த டாக்சிக்கு நான் அழுத பணத்தில் அங்கே ஓர் இரவு தங்கி, காலையில் முட்டையும் காப்பியும் சாப்பிட்டிருக்கலாம்.