படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பவர்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். நடமாட முடியாமல் படுத்திருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் ஒரு வட்டாரத்தில் அந்த வேலையைச் செய்யும் செவிலியர் நான். பக்கவாதம் வந்தவர்கள், முற்றிய புற்றுநோயாளிகள், முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவர்கள் என்று வண்டி வீடுவீடாகப் போகும். சிறுநீர் டியூப் மாற்றுவோம், புண்ணுக்குக் கட்டுப் போடுவோம். கூட வரும் பிசியோதெரபிஸ்ட் கைகால்களை மடக்கி நீட்டிவிடுவார்.

என் குறிப்பேட்டில் நோயாளியின் பெயர், வயது, நோய், புண்ணின் அளவு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு கட்டம் கிடையாது. இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆளிடமிருந்துதான்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்க” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ராத்திரியில் அது பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. நடுவில் துணி நனைந்தால் அதையும் மாற்ற வேண்டும். விடிந்ததும் உணவு டியூபில் கஞ்சி ஊற்றி, அரை மணி நேரமாவது தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். இதைச் செய்கிறவர் பெரும்பாலும் மனைவி, மருமகள், அல்லது கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்த மகள். நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். கூடவே “நல்லா பாத்துக்கம்மா” என்று ஒரு வார்த்தையும். அந்த வார்த்தையைக் கேட்கும்போது, பார்த்துக்கொள்கிறவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன பார்ப்பது என்பதுதான் அதில் இருக்கும்.

ஒரு வீட்டில் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அந்த அக்காவுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் தயாரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு, ஆறவிட்டுப் புண்ணைக் கழுவ வேண்டும். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. புண் சுத்தமாக இருக்கும். அக்காவின் தலைதான் வாரியிருக்காது.

“நீங்க எப்பக்கா சாப்பிட்டீங்க?” என்றேன்.

அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். “கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்று நான் சொல்லவில்லை. சரியாகாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வீட்டு ஊரில் ஆடிக் கூழ் ஊற்றுகிறார்கள், இந்த வருஷமும் போக முடியாது என்றார் கடைசியில்.

அதை ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டோம். கொழுந்தனாரை வரவழைத்து, எப்படிப் புரட்டுவது, டியூபில் எவ்வளவு நிதானமாக ஊற்றுவது, ஊற்றியதும் ஏன் படுக்க வைக்கக் கூடாது என்றெல்லாம் நாங்களே கைபிடித்துக் காட்டினோம். முதலில் தயங்கினார். ஆம்பளைக்கு இதெல்லாம் வராது என்பது அவர் எண்ணம். பிசியோதெரபிஸ்ட் தம்பியும் ஆம்பளைதான், அவர் செய்து காட்டியதும் பேச்சு நின்றது. அக்கா காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிட்டார். அடுத்த முறை நாங்கள் போனபோது தலை வாரி, கனகாம்பரம் வைத்திருந்தார். பிறகு வாரத்தில் ஒரு மத்தியானம் கொழுந்தனார் முறை என்றாகிவிட்டது. அந்த நேரத்தில் அக்கா தூங்குவார்.

லண்டனில் 1967-ல், குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதற்கப்புறம் டாக்டரானவர். நோயாளியின் வலியில் உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாமே கலந்திருக்கிறது என்று வற்புறுத்தியவர். குடும்பத்தின் களைப்பு நோயாளியின் உடம்பில் தெரிவதை நான் அன்றாடம் பார்க்கிறேன். தூங்காதவர் கை முரட்டுத்தனமாகும், குரல் ஏறும். அதைக் குணக்கேடு என்று பேசும் உறவுகள் மீது எனக்குக் கோபம் வரும்.

செவிலியர்களான எங்களையும் எப்படி இருக்கிறோம் என்று யாராவது கேட்க வேண்டும். “நர்ஸ்னா மனசைக் கல்லாக்கிக்கணும்” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். நோயாளி யாராவது இறந்துபோனால், அன்றைக்கு வண்டியில் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவோம். டிரைவர் அண்ணனும் பேசுவார். அந்த ஆயா எனக்கு மோர் கொடுக்காமல் விட்டதில்லை என்பார். பேசி முடித்துவிட்டால் ராத்திரி தூக்கம் வருகிறது. பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது பிள்ளைகள் மேல் எரிச்சலாக விழும். யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குப் பாரமாக இருப்பவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த இலவச மனநல அழைப்பு எண் அது, எந்த நேரமும் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்தால் காலண்டரில் செருகி வைத்துவிடுகிறார்கள். அதனால் நான் அங்கேயே போட்டு, போனைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்பேன்.

இறப்புக்குப் பிறகும் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போவோம், காரியம் முடிந்து கூட்டமெல்லாம் கலைந்தபின். “இன்னும் கொஞ்சம் முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ?” என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பொதுவான ஆறுதல் அங்கே எடுபடாது. கண்ணால் பார்த்ததைச் சொல்வேன்: “ஒன்றரை வருஷம் படுத்திருந்தாரு. கடைசி நாள்ல முதுகுல ஒரு புண்ணு இல்ல. உங்க கைதான் அது.” அதைக் கேட்டு ஓர் அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்போது போய்வரும் ஒரு வீட்டில் இளைய மருமகள் தனியாகவே மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். பெரிய மகன் அதே ஊரில்தான் இருக்கிறார். அடுத்த முறை அவரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும் என்றார், வருகிறேன் என்றேன்.