நெஞ்சை நிமிர்த்தச் சொன்னார்கள், மூச்சை விடச் சொல்லவில்லை

கூன் முதுகு, இறுகிய நெஞ்சு என்று பிசியோதெரபிக்குப் போனால் கையில் கிடைப்பது பல இடங்களில் ஒரு ஜெராக்ஸ் தாள்தான். எனக்குக் கிடைத்ததில் இருந்தது ஒரே வரி: "ஆழ்ந்த மூச்சு, 10 முறை, இரண்டு வேளை." எப்படிப் படுப்பது, காற்று எங்கே நிரம்ப வேண்டும், எவ்வளவு நேரம் விடுவது, ஒன்றுமில்லை. கேட்டால், "நல்லா இழுத்து விடுங்க சார்" என்பார்கள். இழுத்தால் நெஞ்சு முன்னால் தள்ளும், தோள் காதுவரை ஏறும். உழைப்பதெல்லாம் கழுத்துத் தசைகள். கழுத்துவலி வரும், கூன் அப்படியே இருக்கும்.

முதலில் தையல் டேப் எடுங்கள். மார்பெலும்பு முடியும் மட்டத்தில் சுற்றி, மூச்சை முழுக்க விட்டதும் ஒரு அளவு, முழுக்க இழுத்ததும் ஒரு அளவு. வித்தியாசம் 5 செ.மீ. பக்கம் இருந்தால் நல்லது. 2.5-க்கும் குறைவு, காலையில் அரைமணிக்கு மேல் முதுகு விறைப்பு, வயதும் 40-க்குள் என்றால் பயிற்சி அப்புறம்; மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பு மூட்டுகளை இறுக வைக்கும் வாதநோயான அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இல்லை என்று உறுதியாக வேண்டும்.

இனி அந்தத் தாளில் இல்லாதது. பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலிமேல் வையுங்கள். இடுப்பும் முட்டியும் 90 டிகிரி. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல வாயால் மெதுவாக 6 முதல் 8 வினாடி விடுங்கள். கடைசிக் காற்று போகும்போது கீழ் விலா உள்ளே இறங்கும், பக்கவயிறு இறுகும். பயிற்சியின் உயிரே அந்த இடம்தான். விலா இறங்கினால்தான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் மேலே குவிந்து அடுத்த மூச்சுக்குத் தயாராகும். 2 வினாடி நிறுத்தி, மூக்கால் சத்தமில்லாமல் 4 வினாடி இழுங்கள். விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், முதுகு பாயை அழுத்த வேண்டும். 5 மூச்சு, ஒரு நிமிட ஓய்வு. இப்படி 3 சுற்று.

கெடுவது பெரும்பாலும் இடுப்பில். இழுக்கும்போது இடுப்புக்கு அடியில் கை நுழைகிற அளவு இடைவெளி வந்தால், விலா விரியவில்லை, முதுகு வளைகிறது என்று அர்த்தம். டேப்பும் அதை நம்பிப் பொய் சொல்லும். தலை சுற்றினால் வேகம் அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டது. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

அது பிடிபட்டதும் துப்பட்டா. கீழ் விலாவைச் சுற்றி, முனைகளை முன்னால் குறுக்கே பிடித்து, விடும்போது லேசாக இறுக்கி, இழுக்கும்போது துணியைத் தள்ளி விரியுங்கள். எந்தப் பக்கம் சோம்பேறி என்று உடனே தெரியும். அந்தப் பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்து, மேல்கையைத் தலைக்கு மேல் நீட்டி 5 மூச்சு.

மேல்முதுகு விறைப்புக்குக் குளியல் துண்டைச் சுருட்டி, தோள்பட்டை எலும்பின் கீழ்விளிம்புக்கு நேராகக் குறுக்கே போட்டுப் படுங்கள். தலையைக் கையால் தாங்குங்கள். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை விற்பவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. வாங்கியவர் ஊதிப் பார்த்து, பந்து அசையவில்லை, ரிப்பேர் என்கிறார். அது இழுப்பதற்கு. பந்துகள் இருக்கும் குழாய்களில் 600, 900, 1200 என்று இருப்பது ஒரு வினாடிக்கு எத்தனை மில்லி காற்று என்பது. வெடுக்கென்று இழுத்து மூன்றையும் தூக்குவதில் பயனில்லை. முதல் இரண்டு மேலே, மூன்றாவது கீழேயே இருக்க 3 வினாடி நிறுத்திப் பாருங்கள், அதுதான் கஷ்டம்.

நிமிர வைக்கும் பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். தோளைப் பின்னால் இழுக்கிற சாக்கில் விரியவேண்டிய விலாவையே கட்டிவிடுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனால், "பாக்கெட் பிரிச்சா எடுத்துக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர். பிரிக்காமல் எப்படிப் போட்டுப் பார்ப்பதாம்?