மெலியெஸின் ஒட்டுகள்: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 3, 2024

இன்றிரவு முதல், சினிமாவின் தொடக்க காலத்துப் பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸின் படங்களை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கோடம்பாக்கத்தில் 22 ஆண்டுகள் நெகட்டிவ் கட்டிங், அதாவது படத்தின் மூலச் சுருளை வெட்டி ஒட்டும் வேலை, செய்தவன் நான். டிஜிட்டல் வந்து அந்தத் தொழிலே இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் படத்தில் கதையைப் பார்ப்பதற்கு முன்பாக ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடும் பழக்கம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மெலியெஸைப் பற்றிப் படித்த இடங்களிலெல்லாம், ஓடும் படப்பெட்டியை நடுவில் நிறுத்தி மாயம் செய்தவர் என்றே எழுதியிருக்கிறது. நிறுத்தியதால் மட்டும் அந்த மாயம் அவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு.

முதலில் 1896-ல் அவர் எடுத்த, பெண் மறையும் படத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. மெலியெஸ் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நாற்காலியைப் போட்டு, ழான் டால்சி என்ற நடிகையை அமர வைத்துத் துணியால் மூடுகிறார். துணியை எடுத்தால் ஆள் இல்லை. தரையில் பொறிக்கதவு இல்லை என்று காட்டுவதற்குத்தான் அந்தச் செய்தித்தாள். மேடையில் இந்த வித்தையைச் செய்தவர்களுக்குக் கதவு இல்லாமல் முடியாது. அடுத்து வெறும் கையை அசைத்ததும் நாற்காலியில் ஓர் எலும்புக்கூடு வந்து உட்காருகிறது. இந்த இடத்தில் துணியும் இல்லை, மறைப்பும் இல்லை. மேடையில் செய்யவே முடியாத ஒன்றை அவர் அந்த ஒரு நொடியில் செய்துவிட்டார் என்பதை நினைத்து, படம் முடிந்த பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 4

இவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் குறித்து வைக்கிறேன். பாரிஸில் 1861 டிசம்பர் 8-ல் பிறந்தவர்; தந்தை காலணித் தொழிற்சாலை நடத்தியவர். 1884-ல் லண்டனுக்கு அனுப்பப்பட்டபோது எகிப்தியன் ஹாலில் மாஸ்கலின் என்ற வித்தைக்காரரின் மாய நிகழ்ச்சிகளைப் பார்த்து அதிலேயே மனத்தைப் பறிகொடுத்தார். 1888-ல் குடும்பத் தொழிலில் தமக்கிருந்த பங்கைச் சகோதரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் ரொபேர்-ஊதான் என்ற மாய வித்தை அரங்கத்தை வாங்கினார். 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் தங்கள் சினிமாக் கருவியால் நடத்திய முதல் கட்டணக் காட்சியில் அவரும் இருந்தார். அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார்; அவர்களின் தந்தை அந்துவான் லூமியேர் தர மறுத்துவிட்டார். லண்டனில் ராபர்ட் பால் செய்த படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்து, அதைப் பிரித்து ஆராய்ந்து, படம் பிடிக்கும் பெட்டியாக மாற்றிக்கொண்டார்.

வாங்கிய பொருளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுகிற இந்தக் குணம் இல்லையென்றால், பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 6

ஓபரா சதுக்கத்துக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 1907-ல் மெலியெஸே எழுதியதுதான் அது. தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது சுருள் சிக்கிப் பெட்டி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்து மறுபடியும் சுழற்ற ஒரு நிமிடம் பிடித்தது. பின்னர் படத்தைப் போட்டுப் பார்த்தால், மதலேன்–பஸ்தீய் பேருந்து திடீரெனச் சவ வண்டியாகவும் ஆண்கள் பெண்களாகவும் மாறியிருந்தார்கள்.

அழகான கதை. ஆனால் ஆளை மாற்றும் இந்த உத்தி அதற்கு முன்பே திரையில் இருந்தது. 1895 ஆகஸ்டில் எடிசன் நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் கிளார்க் எடுத்த, ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு மரண தண்டனை நிறைவேற்றும் படம் அரை நிமிடம்கூட ஓடாது. கோடரி இறங்கும் முன் படப்பெட்டியை நிறுத்தி, நடித்தவருக்குப் பதிலாகப் பொம்மையை வைத்திருக்கிறார்கள். முதலில் கண்டுபிடித்தவர் மெலியெஸ் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கிளார்க் அந்த உத்தியைக் கொண்டு ஒரு சம்பவத்தைக் காட்டினார். மெலியெஸோ அதையே ஒரு மொழியாக வளர்த்து, ஒரே படத்தில் பத்து முறை, இருபது முறை மாற்றி, பார்ப்பவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த மாற்றத்தை வைத்தார்.

நவம்பர் 7

இன்று எழுத நிறைய இருக்கிறது.

கையால் சுழற்றும் படப்பெட்டி, சொன்ன இடத்தில் சட்டென்று நிற்பதில்லை. வேகம் குறைந்து குறைந்து நிற்கும். திரும்பத் தொடங்கும்போதும் மெதுவாகத்தான் பிடிக்கும். வேகம் குறைந்த அந்தச் சில ஃபிரேம்களில் வெளிச்சம் அதிகம் விழுந்து படம் வெளுத்துவிடும். அதை அப்படியே திரையில் ஓட்டினால் மாயம் நடக்கும் இடத்தில் ஒரு பளிச்சிடல் வரும். பார்ப்பவர் உடனே சூட்சுமத்தைப் பிடித்துவிடுவார். எனவே வெளுத்த ஃபிரேம்களை நெகட்டிவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் ஒட்டியே ஆகவேண்டும். மெலியெஸ் அப்படித்தான் செய்திருக்கிறார். அவருடைய கொள்ளுப்பேரனும் ஆய்வாளருமான ஜாக் மால்தேத், மிஞ்சியிருக்கும் பிரதிகளைக் கூர்ந்து பார்த்து, மாற்றம் நிகழும் இடங்களிலெல்லாம் ஒட்டு இருப்பதைக் காட்டியிருக்கிறார். படப்பெட்டி நின்ற கதை உலகம் முழுவதும் பரவியிருக்க, கத்தரியின் கதை வெளியே வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு மறுபடியும் படங்களுக்குப் போனேன். தேடியது கிடைத்தது. ஆள் மாறும் ஃபிரேமின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு, ஒரே ஒரு ஃபிரேமுக்கு வந்து போகிறது. அது என் கைக்குப் பழக்கமான கோடு. படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சைச் சுரண்டி, ஃபிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி, மறுமுனையை மேலே வைத்து அழுத்தும்போது இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் அது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன், "ஒட்டு ஃபிரேமுக்குள்ள ஏறினா, நீ அங்க நிக்கிறன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்பார். நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் ஒருவர் இதே கவலையோடு குனிந்து உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

நாங்கள் போட்ட ஒட்டு, ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டுவதற்கானது; ஷாட் மாறியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அவருடைய ஒட்டோ, ஷாட் மாறவே இல்லை என்று நம்ப வைக்க வேண்டும். அதற்குப் படப்பெட்டி அணுவளவும் நகரக் கூடாது. உடன் நடிப்பவர்கள் தூக்கிய கையைத் தூக்கியபடியே சிலையாக நிற்க வேண்டும். அசைவின் எந்தக் கணத்தில் வெட்டினால் கண் ஏமாறும் என்பதை ஃபிரேம் கணக்கில் அறிந்திருக்க வேண்டும். படத்தொகுப்பைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று எழுதும் வரலாறுகளில் இந்த மனிதருக்கு இடம் கொடுக்காமல் விட்டது பெரிய அநியாயம்.

நவம்பர் 10

தலைகளின் நாள். 1898-ல் எடுத்த படத்தில் மெலியெஸ் தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். கழுத்தில் புதுத் தலை முளைக்கிறது. அதையும் கழற்றி வைக்கிறார். மேசையில் மூன்று தலைகள் சேர்ந்ததும் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கத் தொடங்க, அவையும் சேர்ந்து பாடுகின்றன. இரைச்சல் பொறுக்காமல் அந்த பாஞ்சோவாலேயே இரண்டு தலைகளை அடித்து ஒழிக்கிறார். இந்த இடங்களில் உத்தி வேறு. பின்னணி முழுக்கக் கறுப்பு. கறுப்பு ஃபிலிமில் பதிவதில்லை. அதனால் எடுத்த சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்பாக விட்ட இடத்தில் மறுபடி எடுக்கலாம். 1900-ல் எடுத்த இசைக்குழுப் படத்தில் இப்படி ஏழு மெலியெஸ்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆறு முறை சரியாக நடித்து ஏழாவது முறை கை ஒரு கணம் பிந்தினால் முழுச் சுருளும் வீண். இன்றைக்குப் போல எடுத்ததை உடனே பார்க்கும் வசதியும் கிடையாது.

ரப்பர் தலைப் படம் 1901-ல் எடுக்கப்பட்டது. மேசைமேல் இருக்கும் தலையைத் துருத்தியால் ஊத ஊத அது பெரிதாகிறது. படப்பெட்டி அசையவில்லை, மெலியெஸ்தான் சரிவான பாதையில் தள்ளுவண்டியில் அமர்ந்து படப்பெட்டியை நோக்கி வந்தார். அருகே வரவரக் கழுத்தின் அடி மேசை மட்டத்திலிருந்து விலகிப் போகும் அல்லவா. அது விலகாமல் இருக்கத்தான் அந்தச் சரிவு.

நவம்பர் 11

பாரிஸை அடுத்த மோந்த்ரெயில் 1897-ல் கட்டிய கண்ணாடிக் கூடத்தைப் பற்றிப் படித்தேன். வெயில் உள்ளே வருவதற்காகக் கண்ணாடி. அன்றைய ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகப் பதியும் என்பதால் காட்சித் திரைகளையெல்லாம் சாம்பல் நிறத்தின் பல சாயைகளில் வரைந்தார்கள்.

நவம்பர் 14

'நிலவுக்குப் பயணம்', 1902. ஏறத்தாழ 14 நிமிடம், 260 மீட்டர், 30 காட்சிகள். நிலவாசிகளாகக் குதித்தவர்கள் ஃபொலி பெர்ஜேர் அரங்கத்தின் கழைக்கூத்துக் கலைஞர்கள். குடையால் ஓர் அடி விழுந்ததும் நிலவாசி புகையாகக் கலைவதை இன்று பத்து முறையாவது முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்திருப்பேன். அடிக்கும் கை கீழே வந்து சேரும் கணத்தில் வெட்டியிருக்கிறார். அதற்கு ஒரு ஃபிரேம் முன்னால் வெட்டியிருந்தால் அடி விழவில்லை என்று தெரியும், பின்னால் என்றால் ஆள் தடுமாறுவது தெரியும். நிலவில் ஊன்றிய குடை காளானாக மாறி வளரும் இடமும் அப்படியே. இன்னொன்று: பயணிகள் ஏறிப்போகும் விண்குண்டு நிலவின் கண்ணில் போய்க் குத்துவதைக் காட்டிவிட்டு, அடுத்த காட்சியில் அதே குண்டு நிலத்தில் வந்து இறங்குவதை மறுபடியும் காட்டுகிறார். இதைத் தவறு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வித்தைக்காரரின் நிதானமாகத் தோன்றுகிறது. சபைக்குப் பெரிய காட்சியை ஒருமுறை தூரத்திலும் ஒருமுறை பக்கத்திலும் காட்டுகிறார்.

அமெரிக்காவில் இந்தப் படத்தை அனுமதியின்றிப் பிரதியெடுத்து விற்றார்கள். பணம் மெலியெஸுக்குப் போய்ச் சேரவில்லை. அதைத் தடுக்க அண்ணன் கஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்பி, 1903-ல் கிளை திறந்தார். அதன் பிறகு ஒரே நேரத்தில் இரண்டு நெகட்டிவ்கள் எடுத்து, ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அப்படியானால் ஒவ்வொரு மாயத்துக்கும் ஒட்டு இரண்டு முறை போட வேண்டும், இரண்டும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். அந்த உழைப்பின் அளவு என் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

நவம்பர் 17

வண்ணப் பிரதி. எலிசபெத் துய்லியே என்பவரின் பட்டறையில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், ஒருவருக்கு ஒரு வண்ணம் என்ற முறையில், ஒவ்வொரு ஃபிரேமாகத் தூரிகையால் தீட்டினார்கள். நிலவுப் படத்தின் வண்ணப் பிரதி ஒன்று 1993-ல் பார்சிலோனாவில் தெரியவந்தபோது, சுருள் இறுகிக் கட்டியாகியிருந்தது. அதைப் பிரித்து, 13,375 ஃபிரேம்களைச் சீர்செய்து, 2011-ல் கான் விழாவில் காட்டினார்கள். விண்குண்டை ஏவும்போது ஆடும் கொடியில் ஸ்பெயினின் சிவப்பும் மஞ்சளும் இருக்கின்றன. எந்த நாட்டுக்குப் போகும் பிரதியோ அதற்கேற்பத் தீட்டிய ஒரு பெண்ணின் கை அது. பெயரில்லாத அந்தக் கையை நான் வணங்குகிறேன்.

நவம்பர் 18

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். தாதாசாகேப் ஃபால்கே, தம் பெயரைத் திருப்பிப் போட்டு 'புரொஃபஸர் கெல்ஃபா' என்ற பெயரில் மாய நிகழ்ச்சிகள் நடத்தியவர். 1919-ல் வந்த அவருடைய 'காளிய மர்த்தனம்' படத்தின் தொடக்கத்தில், மகள் மந்தாகினியின் முகம் மெல்லக் கண்ணனாகக் கரைந்து மாறுகிறது. மெலியெஸைப் போல வெட்டி மறைப்பதை விட்டு, கரைந்து மாறுவதை நாம் பார்க்கும்படி விடுகிறார். அங்கே இருப்பவள் ஒரு சிறுமி என்பதையும் அவளே கண்ணன் என்பதையும் ஒருசேரப் பார்த்துக் கைகூப்பும் சபை அது. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நவம்பர் 21

இறங்குமுகத்தை விரைவாகவே குறிக்கிறேன். படங்களை மீட்டர் கணக்கில் விற்ற காலம் போய், பாத்தே போன்ற பெரிய நிறுவனங்களின் வாடகை முறை வந்தது. அது தனியாளாகத் தொழில் செய்தவருக்குச் சாதகமாக இல்லை. 1912-ல் பாத்தேயின் பணத்தில் துருவப் பயணத்தைப் பற்றி ஒரு பெரிய படம் எடுத்தார்; மனிதரை விழுங்கும் பனிப்பூதம் அதில் உண்டு. அடுத்த ஆண்டோடு படமெடுப்பது நின்றது. மனைவியும் அந்த ஆண்டிலேயே இறந்தார். 1923-ல் மோந்த்ரெய் கண்ணாடிக் கூடம் கைவிட்டுப் போனது. ஊஸ்மான் பெருவீதியை நீட்டுவதற்காக ரொபேர்-ஊதான் அரங்கமும் அந்த ஆண்டு இடிக்கப்பட்டது. வைக்க இடமில்லாமல், தம்மிடமிருந்த நெகட்டிவ்களைத் தாமே கொளுத்தினார்.

அந்த வரிக்கு மேல் இன்று என்னால் எழுத முடியவில்லை. வெள்ளைக் கையுறை போடாமல் நாங்கள் நெகட்டிவைத் தொட்டதில்லை.

நவம்பர் 23

ஏறத்தாழ 520 படங்களில் சுமார் 200 இன்று இருக்கின்றன. நியூயார்க்குக்குப் போன இரண்டாவது நெகட்டிவ்களில் ஒரு பகுதி தப்பியதும் அதற்கு ஒரு காரணம். திருடர்களுக்குப் பயந்து செய்த ஏற்பாடு, அவர் கையாலேயே மூட்டிய தீயிலிருந்து படங்களைக் காத்திருக்கிறது.

1925-ல் ழான் டால்சியை மணந்து, மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்கும் கடையில் உட்கார்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாளின் மேல் போட்ட நாற்காலியிலிருந்து மறைந்த அதே பெண்தான். அந்தக் கடையில் அவரை அடையாளம் கண்டவர் ஒரு சினிமா இதழின் ஆசிரியர். கிராமத்து மாளிகை ஒன்றில் சில படங்கள் அகப்பட்டன. 1929 டிசம்பர் 16 அன்று பாரிஸின் ப்ளேயெல் அரங்கில் அவருக்கு விழா எடுத்தார்கள்.

அன்றைய விழாவில் புதிதாக எடுத்த ஒரு சிறு படமும் ஓடியது. திரையில் மெலியெஸ் பாரிஸ் தெருக்களில் விழா அரங்கத்தைத் தேடி அலைகிறார். தம் முகம் அச்சிட்ட சுவரொட்டியைக் கண்டு அதற்குள் பாய்கிறார். அங்கே படம் நின்று, திரை மேலேறி, மேடையில் அதே சுவரொட்டி தெரிந்தது. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு 68 வயது மெலியெஸ் நேரில் வெளியே வந்தார்.

திரையின் கடைசி ஃபிரேமுக்கும் மேடையின் காகிதத்துக்கும் நடுவில் அவர் போட்ட அந்த ஒட்டை நான் எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. நாளை மறுபடியும் 1896-ல் தொடங்கி, மற்ற ஒட்டுகள் விழுந்த இடங்களையெல்லாம் ஃபிரேம் எண்ணோடு ஒரு நோட்டில் குறித்து வரப்போகிறேன்.