தங்கச்சிமடத்து ஜீப்பை இழுத்து வந்த குறிப்புகள்

ஜூலை 19, 2025, சனி

சித்தப்பாவின் பழைய மகிந்திரா ஜீப் தங்கச்சிமடத்துத் தோப்பில் கிடக்கிறது. இன்ஜின் ஜாம். ராமநாதபுரத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் பிரித்துப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். ஏறத்தாழ 45 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் பாலம். லாரியில் ஏற்றி வரலாம்தான். ஆனால் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்துக் கட்டிய என் வீட்டு வேனுக்கு ஒரு டோ பார், அதாவது இன்னொரு வண்டியைப் பின்னால் மாட்டி இழுக்கிற இரும்புச் சட்டம், செய்து வைத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இந்த ஜீப்பை வைத்தே அதைச் செய்துவிடலாம் என்று சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடம் பேசினேன். அங்கே மோட்டார் ஹோமுக்குப் பின்னால் சின்னக் கார் ஒன்றை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவது சகஜமாம். பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கடை கண்ணிக்குக் காரில் போய் வருவார்கள். நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. பழுதாகி நிற்கும் வண்டியைப் பட்டறைக்கு இழுக்கலாம், பதிவு செய்த டிரெய்லரை இழுக்கலாம். ஓடுகிற காரை இப்படி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்து லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

தோப்புக்குப் போய் ஜீப்பைக் குனிந்து பார்த்தேன். முன் பம்பர் பார்க்கத் தெம்பாக இருக்கிறது, ஆனால் பாரை அதில் மாட்டுவதாக இல்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் மாட்ட வேண்டும். இந்த உப்புக்காற்றில் சேஸிஸை அப்படியே நம்பிவிடவும் முடியாது. சுத்தியலை எடுத்துத் தட்டிக்கொண்டே போனேன். வலது பக்கம் முழுக்க 'டங்' என்று தெளிவாகக் கேட்டது. இடது பக்கம் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே 'டொப்' என்றது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. உள்ளே நல்ல இரும்பு இருக்கிறது, ஆனால் மெலிந்துவிட்டது. அந்த இடத்துக்கு உள்பக்கமாக ஒரு பிளேட் வைத்து வெல்டிங் வைத்தே ஆக வேண்டும். சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "வண்டியைப் பார்க்காம விட்டுட்டேனே" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று முழுக்க வெல்டிங் பட்டறையில். பாயிடம் முதலில் கயிறா, பாரா என்ற பேச்சு வந்தது. அவர் லாரிக்காரர்களுக்கு வேலை செய்தே பழகியவர். "கயித்துல இழுத்தா பின்னாடி இருக்கவன் பிரேக்குல இருந்து காலையே எடுக்க முடியாது தம்பி. முன்னாடி வண்டி நின்னா கயிறு தொங்கிரும், பின்னாடி வண்டி வந்து முட்டிரும்" என்றார். நான் நினைத்ததும் அதேதான். இழுப்பதற்குக் கயிறே போதும். ஒன்றேகால் டன் எடை பின்னால் வரும்போது வேனை நிறுத்துவதற்குத்தான் பார் வேண்டும். தனுஷ்கோடி மணலில் புதைந்த காரை வெளியே எடுக்கக் கயிறு போதும், அங்கே நிறுத்துகிற வேலை இல்லை. தார் ரோட்டில் அது ஆகாது.

முக்கோண வடிவம். ஜீப் பக்கம் இரண்டு கால், வேன் பக்கம் ஒரே முனை. ஜீப் பக்கத்துக் கால்கள் மேலும் கீழும் ஆடுகிற மாதிரி இரும்பு முளை (பின்) வைத்தோம். வேன் பக்கம் 50 மில்லிமீட்டர் பால், அதாவது இரும்புக் குண்டு, அதன்மேல் பார் எல்லாப் பக்கமும் திரும்பும். சதுரக் குழாயின் வாய் திறந்திருந்தால் உப்பு உள்ளே போய், வெளியே தெரியாமலே அரித்துவிடும். எல்லா முனையையும் அடைத்து வெல்டிங் வைக்கச் சொன்னேன். போல்ட்டெல்லாம் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் குத்தியவை.

உயரம் பார்ப்பதில்தான் நேரம் போனது. பார் கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும், மூன்று அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் ஆகாது. ஜீப் பக்கம் ரொம்பத் தாழ்ந்திருந்தால், பிரேக் அடிக்கும்போது ஜீப் தள்ளுகிற தள்ளில் வேனின் பின்பக்கம் மேலே எழும்பும், பின் டயருக்குப் பிடி குறையும். வேனுக்கு ஏற்கெனவே பின் சக்கரத்தைத் தாண்டி நீளமான வால். அதனால் பாலைக் கீழே இறக்கித் தனி பிளேட்டில் வைத்தோம். கடைசியில் வித்தியாசம் ஒரு அங்குலத்துக்குள் வந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்துக்கும் சேதுக்கரைக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ரோட்டில் நமக்கு வேலை இல்லை. பாருக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தேன்.

ஜூலை 26, சனி

கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டை ஜீப்பிலிருந்து கழற்றினோம். கியரை நியூட்ரலில் போட்டு இழுத்தால் போதாதா என்று சித்தப்பா கேட்டார். சக்கரம் உருண்டால் கியர் பாக்ஸின் பின்பாதி சுற்றும். ஆனால் இன்ஜின் ஓடாததால் ஆயிலை அள்ளித் தெளிக்கிற பல்சக்கரங்கள் சுற்றாது, நெடுந்தூரம் போனால் உள்ளே காய்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் கார் இன்னும் மோசம், அதில் ஆயில் பம்பே இன்ஜின் ஓடினால்தான் ஓடும்.

இந்தப் பழைய ஜீப்பில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்டை எடுத்துவிட்டால் லிவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது. போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்தோம்.

மண்டபத்தில் படகு சாமான் கடையில் சங்கிலியை மாட்டுகிற டி ஷேக்கிள் (D வடிவ இரும்பு வளையம்) வாங்கினேன். பாருக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்ட வேண்டும். பார் கழன்றாலும் முனை ரோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

ஜூலை 28, திங்கள்

தோப்பு மணலிலிருந்து ரோடு வரை டிராக்டரில் கயிறு கட்டி எடுத்தோம். ரோட்டில் பாரை மாட்டி, பின்னைச் சொருகி, லாக் போட்டு, சங்கிலியைக் குறுக்கே கட்டி, பின்னால் காந்த லைட்டை ஒட்டிப் பார்த்துவிட்டு விடிவதற்குள் கிளம்பினோம். ஜீப்பில் சித்தப்பா. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் நான் போகவில்லை.

வேன் ஓட்டுகிற எனக்குப் பின்னால் ஒன்று வருகிற உணர்வே முதலில் இல்லை. திருப்பத்தில் ஜீப்பின் முன் சக்கரம் தானாகவே பின்தொடர்ந்து திரும்புகிறது. சித்தப்பா ஸ்டியரிங்கில் கையை லேசாக வைத்திருந்தால் போதும்.

பாலத்தில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, இடது பக்கமாக அடித்தது. வேன் உயரமானது, ஒரு ஆட்டு ஆட்டியது. 1988-இல் திறந்த பாலம், இரண்டரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் உயர்ந்து மண்டபம் பக்கம் இறங்குகிறது. அந்த இறக்கத்துக்காகத்தான் இத்தனை நாள் வேலை. முன்கூட்டியே இரண்டாவது கியருக்கு வந்தேன். இறக்கம் ஆரம்பித்ததும் ஜீப்பின் எடை பின்னாலிருந்து முதுகில் வந்து உட்கார்ந்தது. பிரேக்கைத் தொட்டேன், வேன் நேராக நின்றது. பார் துளிகூட முனகவில்லை. கடலைப் பார்க்க ஓரமாக நிறுத்தியிருந்த கார்களுக்காக இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதில்தான் கவலை, ஏனென்றால் இந்த அமைப்பில் ரிவர்ஸ் எடுக்க முடியாது. நாலடி போவதற்குள் ஜீப்பின் சக்கரம் முழுக்க ஒடிந்து பாரை முறுக்கும். முன்னால் நிறைய இடம் விட்டுத்தான் நின்றேன்.

மண்டபத்தில் நிறுத்தி எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கினேன். ஒன்று அரைச் சுற்று ஏறியது. ஜீப்பின் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்ததில் மூன்று வெதுவெதுப்பு, பின் இடது கை வைக்க முடியாத சூடு. பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருந்தது. கல் கொடுத்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரம் கையால் சுற்றும்வரை பார்த்துவிட்டு, சூடு ஆறியபின்தான் கிளம்பினோம். உச்சிப்புளி தாண்டி இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

பட்டறை வாசலில் பாரைக் கழற்றி ஜீப்பைக் கையால் தள்ளி உள்ளே விட்டோம். இங்கேயும் முதலில் கல் கொடுத்தோம், அப்புறம்தான் பின்னைக் கழற்றினோம். மெக்கானிக் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்க இரண்டு நாள் கேட்டிருக்கிறார். சித்தப்பா அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி பாலில் கிரீஸ் தடவி மூடி வைக்க வேண்டும், இடது சேஸிஸில் வைத்த வெல்டிங்கை மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்ட வேண்டும்.