நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் இருந்த ஆமைக் குஞ்சு

கடந்த ஆண்டு புரட்டாதி மாதத்தில், முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கரடியனாற்றுப் பக்கம் சோளச் சேனைக்காக நிலம் துப்புரவு செய்துகொண்டிருந்த அண்ணாவுக்கு உதவப் போயிருந்த அவரது மூத்த மகன், தன் தொப்பிக்குள் எதையோ பொத்திப் பிடித்தபடி ஆரையம்பதியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தொப்பியை விரித்தபோது, ஒரு தீப்பெட்டியை விடச் சற்றுச் சிறிய ஆமைக் குஞ்சு ஒன்று தலையையும் கால்களையும் முற்றாக உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தது. எரியாமல் எஞ்சிய பற்றைக் குவியலுக்குத் தீ மூட்டப் போனபோது அதன் ஓரத்தில் கண்டானாம். “விட்டுட்டு வர மனம் வரல்ல மாமி” என்று மட்டும் சொன்னான்.

அவன் கேட்காமல் கேட்டது, அதை நாங்கள் வளர்க்கலாமா என்பதுதான். அன்றிரவே அதற்கு நான் பதில் சொல்லவில்லை. முதலில் அதை உயிரோடு காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஏனெனில் அரை மணித்தியாலத்துக்குள் நாங்கள் அதைக் கொல்லப் பார்த்தோம். ஆமை என்றால் தண்ணீரில் இருக்கும் என்ற எண்ணத்தில், நானே வாளியில் ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் பிடித்து அதை விடச் சொன்னேன். அது நீந்தவில்லை, கல்லைப் போல அடியில் போய், கால்களை உதறி, வாளியின் சுவரைப் பிறாண்டியது. கையை விட்டு அள்ளி எடுத்தபோதுதான் அதன் கால்களை நான் ஒழுங்காகப் பார்த்தேன். வயல் வாய்க்கால்களில் நாம் காணும் பாலாமைக்கு விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். அது நீந்தப் பிறந்தது. இதன் கால்களோ சிறிய யானைக் கால்களைப் போல உருண்டு, செதில் பதித்து, சவ்வின்றி இருந்தன. இது தரையாமை. இலங்கையில் இயற்கையாக வாழும் ஒரே தரையாமை நட்சத்திர ஆமைதான். தென்னிந்தியாவிலும், வடமேற்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய பாகிஸ்தானிலும் உள்ள வறண்ட நிலங்களிலும், நமது உலர் வலயப் பற்றைக் காடுகளிலும் இது காணப்படுகிறது. ஆமைக் குஞ்சு கையில் கிடைக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது காலைத்தான் என்பதை அந்த வாளி எனக்குக் கற்றுத் தந்தது.

மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது, படங்களில் காணும் நட்சத்திரக் கோலம் அதன் முதுகில் இன்னும் உருவாகியிருக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டுத் தகட்டின் நடுவிலும் ஒரு மஞ்சள் திட்டும், தகடுகள் சேரும் இடங்களில் கருமையும் மட்டுமே இருந்தன. ஓடு வளர வளரத்தான் அந்த மஞ்சள், கதிர்களாகப் பிரிந்து விரியும். மூக்கு நுனிக்குக் கீழே கடுகளவில் ஒரு வெண்புள்ளி இருந்தது. அது முட்டையை உடைக்க இயற்கை கொடுத்த முள். பொரித்துச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். வயிற்றோட்டின் நடுவே, மஞ்சட்கருப் பை உறிஞ்சப்பட்ட தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சமையலறைத் தராசில் 29 கிராம் காட்டியது. தாயின் முகத்தை இவை ஒருபோதும் காண்பதில்லை. பெண் ஆமை நிலத்தைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும், முட்டைகள் மண்ணின் சூட்டில் தாமாகவே பொரிக்கும். மண் கூடுதலாகச் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் பிறக்கும். எங்கள் கையில் இருந்தது எதுவென்று வெளித்தோற்றத்தைக் கொண்டு சொல்ல இன்னும் பல ஆண்டுகள் செல்லும்.

அம்மா, “ஆமை புகுந்த வீடு” என்று தொடங்கினார். பிறகு அதன் அளவைப் பார்த்தார், பழமொழியை முடிக்கவில்லை. மறுநாள் காலையில் செவ்வரத்தைப் பூவைப் பறித்துக்கொண்டு முதலில் வந்தவர் அவர்தான்.

சனிக்கிழமை காலை வனஜீவராசிகள் திணைக்களத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். 1992 என்ற அவர்களுடைய அவசர இலக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேசிய உத்தியோகத்தர், உன்னிச்சைப் பக்கம் யானைகள் ஊருக்குள் இறங்கியிருப்பதாகவும், திங்கட்கிழமை போயா விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை காலை வந்து பெற்றுக்கொள்வதாகவும், அதுவரை அதைக் குறைவாகத் தொட்டு, நிழலும் வெயிலும் கிடைக்கும் இடத்தில், வேறு எந்த ஆமையோடும் சேர்க்காமல் வைத்திருக்குமாறும் பொறுமையாகச் சொன்னார். வளர்க்கலாமா என்ற கேள்விக்கான பதிலையும் அவரே சொல்லிவிட்டார். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

இலண்டனில் இருக்கும் என் தங்கையிடம் முறையான சான்றிதழுடன் வாங்கிய ஒரு தரையாமை உண்டு. அது தென் ஐரோப்பாவைச் சேர்ந்த ஹேர்மன் ஆமை. அன்று பகல் முழுவதும் அவள் வட்சப்பில் எனக்குப் பாடம் நடத்தினாள். அவளுடைய ஆமை ஒரு மேசைப் பெட்டிக்குள், சூட்டு விளக்கின் கீழும் புறஊதாக் கதிர் விளக்கின் கீழும் வாழ்கிறது. அந்தப் புறஊதா விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் வலு காலப்போக்கில் குறைந்துவிடுவதால், அதைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் அதைச் சுமார் 5 பாகை செல்சியஸ் குளிரில், இதற்கென்றே வாங்கிய ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள் உறங்க வைக்கிறாள். நட்சத்திர ஆமை அப்படிக் குளிர்கால உறக்கம் கொள்ளாத இனம். அதைக் குளிரில் வைத்தால் நோயுற்றுவிடும். அவள் பணம் கொடுத்து வாங்கும் சூடும் கதிரும் எங்கள் முற்றத்தில் காலை ஏழு மணிக்கே இறங்கி வந்து நிற்கின்றன என்பதை நினைத்தபோது, இந்தக் குஞ்சு எங்கே இருக்க வேண்டியது என்பதும் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

ஆயினும் அந்த வெயிலையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். புறஊதாக் கதிர் உடலில் விற்றமின் டி3 உருவாகத் தேவை. அந்த விற்றமின் இல்லாவிட்டால் உண்ணும் கல்சியம் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேராது, ஓடு இறுகாமல் மிருதுவாகிவிடும். கண்ணாடிக்கு ஊடாக இந்தக் கதிர் வராது. எனவே யன்னலோரம் வைத்திருந்தேன், வெயில் பட்டது என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. அதேவேளை 29 கிராம் எடையுள்ள ஓர் உயிர், நேர் வெயிலில் நிழலின்றி விடப்பட்டால், சில நிமிடங்களிலேயே உடல் சூடேறி இறந்துவிடக்கூடும். மூலை உடைந்த ஓர் அகலமான பிளாஸ்ரிக் பேசினில் நான்கு விரல் உயரத்துக்கு மண்ணும் தேங்காய்த் தும்புத் தூளும் கலந்து பரப்பி, ஒரு பாதிக்குத் தண்ணீர் தெளித்து, மேலே பழைய மீன்வலையைக் கட்டி, ஓர் ஓரத்தில் பாதியாக உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தோம். வெயில் வேண்டுமென்றால் வெளியே வரவும், போதுமென்றால் சட்டிக்குள் போகவும் அது தானே தெரிந்து வைத்திருந்தது. வலை காகத்துக்காக. எறும்புக்காகப் பேசினை ஒரு முக்காலியில் ஏற்றி, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தினோம். ஓடு இறுகாத குஞ்சுக்குப் பூனையையும் கீரியையும் போல எறும்புக் கூட்டமும் ஆபத்தானது.

ஈரப்பதனைப் பற்றித் தங்கை சொன்னது எனக்குப் புதிது. அவளுடைய ஆமையின் முதுகுத் தகடுகள் முதல் இரண்டு ஆண்டுகளில் கூம்பு கூம்பாக எழுந்துவிட்டன. உணவில் புரதம் கூடிவிட்டது என்றே அவள் நெடுநாள் எண்ணியிருந்தாளாம். ஆனால் ஆபிரிக்கத் தரையாமைக் குஞ்சுகளை வைத்துச் செய்யப்பட்டு 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கூம்பு வளர்ச்சிக்குப் புரதத்தை விட, வளர்க்கும் இடத்தின் வறட்சியே பெரிய காரணம் என்று காட்டியது. நட்சத்திர ஆமைக்கு முதுகு ஓரளவு மேடு பள்ளமாக இருப்பது இயற்கை என்பதால் அதைக் கண்டு உடனே பதறத் தேவையில்லை; எனினும் காய்ந்த கடதாசியின் மேலும் உலர்ந்த மணலின் மேலும் குஞ்சை வைத்திருப்பது பிழை. உலர் வலயத்துப் பிராணி என்றாலும், அதன் குஞ்சு ஒளிந்திருப்பது புல்லின் அடியிலுள்ள ஈரத்தில்தான்.

குளிப்பாட்டும் நேரம்தான் என் மனதில் அதிகம் தங்கியிருக்கிறது. ஒரு தட்டில், மேலோடும் கீழோடும் சேரும் இடம் வரைக்கும் மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, அதனுள் இறக்கிவிட்டோம். முதலில் அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாகக் கழுத்தை நீட்டி, மூக்கு வரை தண்ணீரில் முக்கி, தொண்டை ஏறி இறங்கக் குடித்தது. சின்னஞ்சிறு தொண்டை அது. இரண்டு நிமிடங்களுக்கு மேலாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அதன் பின்னர், வெண்மையான பசை போன்ற ஒன்றைக் கழித்தது. பயந்துபோன அண்ணாவின் மகனுக்கு, அது யூரிக் அமிலக் கழிவு என்றும், மென்மையாக வந்தால் உடலில் நீர் போதுமானது என்றும், மணல் போலக் கரகரப்பாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்றும் தங்கையிடம் கேட்டு விளங்கப்படுத்தினேன். நாளுக்கு ஒருமுறை 15 நிமிடங்கள் போதும். தரையாமைகள் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைத்து வறட்சியைத் தாங்குகின்றன. யாராவது திடீரென்று தூக்கினால் அச்சத்தில் அந்த நீரை வெளியேற்றிவிடுகின்றன. காட்டில் ஆனி, ஆடி மாதத்து வெயிலில் அப்படி இழந்த நீர் அதற்குத் திரும்பக் கிடைக்காமல் போகலாம். “சும்மா ஒருக்காத் தூக்கிப் பார்த்தேன்” என்பது அதற்குச் சும்மா விடயமல்ல.

உணவில் நாங்கள் பெரிதாகத் தடுமாறவில்லை. அறுகம்புல்லின் தளிர், வல்லாரை, செவ்வரத்தைப் பூ, ஒரு சிட்டிகை முருங்கையிலை என்று நறுக்கி ஒரு தட்டையான ஓட்டில் வைத்தால், பல்லில்லாத வாயின் கூரிய விளிம்பால் கடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கிழித்துத் தின்றது. நார்ச்சத்துள்ள புல்லும் இலையுமே அதன் சாப்பாடு. அயல் வீட்டுப் பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்த வாழைப்பழத்தையும், பாலில் நனைத்த பாணையும் நான் வாங்கி வைத்துவிட்டேன். சீனிச் சத்து அதன் குடலைக் குழப்பும், பாலும் பாணும் சோறும் அதற்கு உணவே அல்ல. பசளிக்கீரை நல்லதுதானே என்று அம்மா கேட்டார். அதிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் அதையும் தவிர்த்தோம். கல்சியத்துக்குத் தங்கை அங்கே பொடி வாங்கித் தூவுகிறாள். நாங்கள் கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டை நன்னீரில் ஊறவைத்துக் காயவைத்து, கத்தியால் சுரண்டி இலையின் மேல் தூவினோம்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். ஆரோக்கியமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். சிறு பிள்ளைகள் ஆமைக் குஞ்சுகளை வாயில் வைத்து நோயுற்றதால்தான் அமெரிக்கா 1975 இல், ஏறத்தாழ 10 சென்ரிமீற்றரை விடச் சிறிய ஆமைகளை விற்பதையே தடை செய்தது. குளிப்பாட்டிய தட்டு சமையலறைப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு அண்ணாவின் மகன் மறுபடியும் கேட்டான். இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறதே, ஏன் கொடுக்க வேண்டும்? நான் சட்டத்தை மட்டும் சொல்லி அவனை அடக்க விரும்பவில்லை. இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்தைச் சுற்றி மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக 2015 இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருப்பதையும், 2019 இல் உலக நாடுகள் கூடி இந்த இனத்தின் வணிக ரீதியான சர்வதேச வியாபாரத்தைத் தடை செய்ததையும் சொன்னேன். அப்படி எடுத்தவற்றுள் மிகப் பல, அழகுக்காக வீடுகளில் வளர்க்கவே எடுக்கப்பட்டவை. அவன் நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். அதன் பின்னர், “அப்ப நான் அதை எடுத்ததே பிழையா மாமி?” என்று கேட்டான். நெருப்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது சரி, பத்துப் பதினைந்து பாகம் தள்ளி எரிக்காத பற்றைக்குள் வைத்திருந்தால் இன்னும் சரி என்றேன். அந்தப் பதில் அவனுக்கு வலித்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை வந்த உத்தியோகத்தர் குஞ்சைத் திருப்பிப் பார்த்து, கண்களும் மூக்கும் ஈரமின்றித் தெளிவாக இருப்பதையும், கால்களில் வலுவிருப்பதையும் கண்டு, நாட்கள் அதிகம் ஆகாததாலும் எடுத்த இடம் சரியாகத் தெரிந்ததாலும் அங்கேயே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். அண்ணாவின் மகனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார், நானும் போனேன். காணியின் மேற்கெல்லையில், உழாத மேட்டில், காரைப் பற்றையும் புல்லும் மண்டிய ஓர் இடத்தில் அவனே அதை இறக்கி வைத்தான். சில நிமிடங்கள் அது ஓட்டுக்குள்ளேயே இருந்தது. பின்னர் தலையை நீட்டி, ஒரு புல்லை முகர்ந்து, கடிக்காமல் விட்டு, பற்றைக்குள் நடந்தது. சருகின் நிறமும் அதன் முதுகின் நிறமும் ஒன்றாகிவிட, மூன்றடி தூரத்திலிருந்தும் எங்களால் அதைக் காண முடியவில்லை.

இந்த ஆண்டு ஆவணியில் அண்ணா மறுபடியும் பற்றை எரித்தார். தீ மூட்டுவதற்கு முன்னர், அண்ணாவின் மகன் ஒரு நீண்ட கம்புடன் ஒவ்வொரு குவியலையும் தட்டிச் சுற்றி வந்தானாம். ஒரு குவியலின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு நட்சத்திர ஆமை இருந்ததாகவும், அதைப் பொறுமையாகத் தாழ்வாகத் தூக்கி மேற்கெல்லைப் பற்றைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபின்பே நெருப்பு வைக்க விட்டானென்றும் அண்ணா தொலைபேசியில் சொன்னார்.