23-ஐ எடுத்துவிட்டால்

டிசம்பர் 17
காலையிலிருந்து மழை. மஞ்சக்குப்பத்தில் பாதிக் கடை திறக்கவில்லை, நான் திறந்தேன், கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லையென்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். வீணான தாளின் பின்பக்கம் 6746328388800 என்று எழுதி, பகா எண்களாக உடைக்க ஆரம்பித்தேன். ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு, அதன் கடைசி எண் இது. தன்னைவிடச் சின்ன எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம். 12-க்கு ஆறு காரணி, அதற்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது, அதனால் 12 உள்ளே.

2-ஆல் ஆறு தடவை போனது, 3-ஆல் நாலு, 5-ஆல் இரண்டு. 7-ல் மீதி வந்தது. மீதி வரக்கூடாதே என்று பார்த்தால், மேலே எங்கோ கழித்தலில் கடன் வாங்க மறந்திருக்கிறேன். சரி, முதலிலிருந்து. 7-ஆலும் இரண்டு தடவை போனது, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. முடிக்கும்போது மணி மூன்று, சாப்பிடவில்லை.

டிசம்பர் 18
தங்கச்சி மகள் வந்தாள், பத்தாவது படிக்கிறாள். "காரணி எத்தனைன்னு எல்லாத்தையும் எழுதியா பாத்தீங்க மாமா?" எழுதினால் 10080 வரி. 2 ஆறு இருக்கிறது, ஒன்றுகூட எடுக்காமலும் விடலாம், ஆறையும் எடுக்கலாம், ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மிச்ச ஐந்துக்கும் இரண்டிரண்டு, எல்லாவற்றையும் பெருக்கு என்றேன். அவள் பேனாவைப் பிடுங்கி 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் மாற்றிப் போட்டாள். "இப்பவும் 10080 தானே?" ஆமாம், ஆனால் எண் இரண்டேகால் மடங்கு பெருத்துவிட்டது, அதே காரணிகளோடு சின்னது ஒன்று இருக்கும்போது பெரியதற்கு யார் இடம் தருவார்கள்?

டிசம்பர் 20
வெயில். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 22
ராமானுஜன் பிறந்த நாள். 1910-ல் அவர் நோட்டுகளோடு குமாஸ்தா வேலை கேட்டு டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரைப் பார்க்கப் போன திருக்கோவிலூர், அன்றைக்கு எங்கள் தென்னார்க்காடு ஜில்லா. நல்லவேளை, அவர் வேலை தரவில்லை. தந்திருந்தால் கடலூருக்கு ஃபைல் அனுப்பியே காலம் போயிருக்கும்.

பட்டியலின் அந்தக் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்து, 23-ஐ மட்டும் எடுத்துவிட்டால் 293318625600. காரணிகள் சரியாகப் பாதி, 5040. பட்டியலில் 195545750400-க்கு 4608, அதற்கடுத்து 321253732800-க்கு 5376. நடுவில் நம்ம ஆள் நின்றிருக்க வேண்டும், இல்லை. நூறு எண்ணுக்குமேல் போட்டவர் இந்த ஒன்றை விட்டுவிட்டார்! குலதெய்வம் நாமகிரித் தாயார் அவர் கனவில் வந்து சொன்ன கதைகளைவிட எனக்கு இந்த விடுபடல்தான் பிடித்திருக்கிறது, உட்கார்ந்து கையால் போட்ட மனுஷனுக்குத்தான் இப்படி ஒன்று தவறும்.

தங்கச்சி மகளிடம் சொன்னேன். "எத்தனை மார்க் குறைப்பாங்க மாமா?" என்றாள். இப்போது அந்தக் கடைசி எண்ணோடு 29-ஐச் சேர்த்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், 195643523275200 வர வேண்டும், பாதியில் நிற்கிறது.